மஞ்சள் ஏன் முதலில் மறைகிறது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மேற்குச் சன்னலுக்கு எதிரே, பீகாரின் மதுபனியிலிருந்து வாங்கி வந்த ஓவியம் ஒன்று ஆறு ஆண்டுகள் தொங்கியது. சுவருக்கு வண்ணமடிக்கும்போது சட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த விரற்கடை அகலத்தில் மட்டும் மீனின் செதில்கள் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் தாளின் நிறத்துக்கு வெளிறியிருந்தது. கறுப்புக் கோடுகளோ வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன.

அந்த மஞ்சள், நம் சமையலறை மஞ்சளிலிருந்து எடுத்தது. அதிலுள்ள குர்குமின் என்னும் மூலக்கூறு நீல, ஊதா ஒளியை விழுங்கிக்கொள்வதால்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிக ஆற்றல் உடையவை இந்த நீல, ஊதா ஒளித் துகள்களே. அவற்றை விழுங்கிக் கிளர்ச்சியுற்ற மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் இல்லை. அவுரி நீலம் தான் பெற்ற ஆற்றலை மிக விரைவில் வெப்பமாக வெளியேற்றிவிடுவதால் நெடுநாள் தாங்குகிறது. கறுப்புக்குப் பயன்படும் விளக்குக் கரி பெரும்பாலும் கார்பன். வெயில் அதை அசைப்பதில்லை. ஆகவே, 'இயற்கை வண்ணம்' என்று கடைக்காரர் சொன்னால், எதிலிருந்து எடுத்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒளி செய்யும் சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். இரவில் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடுவதில்லை. தாளிலும் துணியிலும் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதும் என்கின்றன. நேர் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதில் ஒரு மணி நேரம் இருப்பது, அந்த மங்கிய வெளிச்சத்தில் 2,000 மணி நேரம் இருப்பதற்குச் சமம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி சேதத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது, ஏனெனில் குர்குமினை உடைக்க நீல ஒளியே போதும்.

மும்பையில் இதோடு மழைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். பக்கத்துப் பால்கர் மாவட்டத்தில் வாங்கும் வார்லி ஓவியத்தின் வெள்ளை நிறம் அரிசி மாவால் ஆனது என்பதால், பூஞ்சைக்கு அது உணவாகவே அமைகிறது. தென்மேற்குச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் படம் ஒட்டினாற்போல் இருந்தால் பின்புறத்தில் ஈரம் தங்கிவிடும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று புகும். பலாப் பலகையில் செய்த பழைய முறைத் தஞ்சாவூர் ஓவியத்தின் சிக்கல் வேறு: ஈரத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், உலரும்போது சுருங்கும், மேலே உள்ள சுண்ணத் தூள் பூச்சுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லாததால் விரிசல் விழுகிறது. அதை ஏசிக் காற்று நேரே படும் இடத்தில் மாட்டவே கூடாது.

மதுபனி ஓவியத்தை இப்போது வெயில் எட்டாத உட்சுவருக்கு மாற்றிவிட்டேன். போன மஞ்சள் திரும்பாது, உடைந்த மூலக்கூறு தானாகக் கூடுவதில்லை. ஓவியம் முன்பு இருந்த இடத்தில், வெயில் படும்படி, மாமல்லபுரத்தில் வாங்கிய கருங்கல் சிற்பம் இருக்கிறது.