செக்யூரிட்டி கிளியரன்ஸ்: சொல்லும் பொருளும்

அலுவலகக் கம்ப்யூட்டரில் விதியை மீறினால் அமெரிக்காவில் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' கிடைக்காமல் போகுமா? முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கிளியர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'கிளாருஸ்'. ஒளியுள்ள, தெளிந்த என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சுங்கம் கட்டி முடித்த கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பத் தரும் இசைவும் கிளியரன்ஸ்தான், கடையில் சரக்கைத் தள்ளிவிடுவதும் கிளியரன்ஸ்தான்.

அமெரிக்காவில் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' என்றால், அரசு ரகசியங்களை ஒருவரை நம்பிக் கொடுக்கலாமா என்று விசாரித்து எடுக்கும் முடிவு. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என மூன்று படிகள். அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும். கிரீன் கார்டு போதாது.

நம் செய்திகளில் இதைப் 'பாதுகாப்பு அனுமதி' என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு வாசலில் காட்டும் பாஸ் மாதிரி தோன்றும். ஆனால் டாப் சீக்ரெட் பெற்றவர்கூட, தன் வேலைக்குத் தேவைப்படாத கோப்பைத் திறக்க முடியாது. தகுதி வேறு, பார்க்கும் அனுமதி வேறு. அதனால் 'நம்பகத் தகுதி' என்பதே பொருத்தம் என்பேன். பொறுப்பை ஒப்படைக்கும் முன் ஆளை ஆராய்வதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு: தெரிந்துதெளிதல். அதில் வரும் 'தெளிதல்' என்றால் நம்பித் தேர்ந்துகொள்வது. தெளிவு, நம்பிக்கை இரண்டையும் ஒரே வேர் தாங்கி நிற்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, அலுவலகக் கம்ப்யூட்டர் இதற்குள் எப்படி வருகிறது? ஒருவருக்கு இந்தத் தகுதி உண்டா என்று முடிவெடுக்க, 2017-இல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகளில் 'ஏ' முதல் 'எம்' வரை ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் 13 தலைப்புகள் உள்ளன. கடன், குடிப்பழக்கம், வெளிநாட்டுத் தொடர்பு எல்லாம் அதில் அடக்கம். கடைசித் தலைப்பான 'எம்', தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு பற்றியது. அதன் வாதம் நேரானது: கம்ப்யூட்டர் விதிகளை மதிக்காதவர் ரகசியங்களைக் காக்கும் விதிகளையும் மதிப்பாரா என்ற ஐயம் எழும்.

பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் பொறியாளர், சொந்த பென் டிரைவைச் செருகி, வீட்டில் முடிக்கலாம் என்று ஒரு கோப்பை எடுத்துப் போகிறார் என்று வையுங்கள். அந்த அலுவலகத்தில் பென் டிரைவுக்குத் தடை இருந்தால், கோப்பில் ரகசியம் எதுவும் இல்லாவிட்டாலும் அது 'எம்' தலைப்பில் விழும். அடுத்தவர் கணக்கில் நுழைவது, தடை செய்த மென்பொருளை ஏற்றுவது, மேலாளர் எச்சரித்த பிறகும் அசட்டையாக இருப்பது எல்லாம் இதே வகை. இதைத் 'துஷ்பிரயோகம்' என்றால் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிடும். இங்கே கவனக்குறைவும் கணக்கில் வருவதால், 'விதி மீறிய பயன்பாடு' என்பதே சரி.

ஒரு தடவை நடந்ததாலேயே கதவு அடைந்துவிடாது. நடந்து நெடுங்காலம் ஆகியிருந்தால், சிறிய மீறலாகவும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்ததாகவும் இருந்தால், தெரியாமல் செய்துவிட்டு உடனே திருத்தி உரியவரிடம் சொல்லியிருந்தால், பயிற்சியே சரியாகத் தரப்படாமல் இருந்திருந்தால், இவை எல்லாம் சாதகமாக எடைபோடப்படும்.

மறைப்பதுதான் பெரிய ஆபத்து. இந்தத் தகுதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 என்ற விண்ணப்பத்தின் 27-ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் இப்படி ஏதும் நடந்ததா என்று கேட்கிறது. தெரிந்தே 'இல்லை' என்று எழுதினால், நேர்மை பற்றிய 'ஈ' தலைப்பும் சேர்ந்துகொள்ளும். பழைய பென் டிரைவை மன்னிக்க இடமுண்டு. இந்தப் பொய்யை மன்னிக்க வைப்பது மிகக் கடினம். கூட்டாட்சி அரசிடம் பொய் சொல்வது தனிக் குற்றமும்கூட.

ஐயம் தீராவிட்டால், காரணங்களை வரிசைப்படுத்தி எழுத்தில் அனுப்புவார்கள். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால், அது கைக்கு வந்த 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் உறுதிமொழியோடு பதில் எழுத வேண்டும். நிர்வாக நீதிபதி முன் நேரடி விசாரணையும் அதிலேயே கேட்கலாம்.