வேலிக்குப் போத்து, மரத்துக்கு விதை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரி நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. ஓயாமல் மேய்த்துப் புல் வேரோடு போன காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அதைத் தரையோடு வெட்டினால் போதாது. தளிர் விடும் மொட்டுகள் மண்ணுக்குள் தூரில் இருக்கின்றன. ஓரடி தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும்.

இப்படிப் போன காட்டை மீட்க முதலில் வேலி. கிளுவை இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் கோடையில் கட்டைவிரல் பருமனில், மூன்றடி நீளத்தில் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டலாம். வேர்விடத் தேவையான மாவுச்சத்து அப்போது தண்டில் சேர்ந்திருக்கும். வெட்டியதை மூன்று நான்கு நாள் நிழலில் கிடத்தினால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். ஈரக்காயத்தோடு நட்டால் அழுகல் ஏறும். அழுகிய போத்தை விரலால் அமுக்கினால் பட்டை வழுக்கிக்கொண்டு வரும். ஒரு சாண் ஆழம், ஒரு சாண் இடைவெளி போதும். அடி எது, நுனி எது என்று பார்த்து நடுங்கள்: வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளரூக்கி அடிப்பக்கம் நோக்கியே நகரும், தலைகீழாக நட்ட போத்து தேறுவது அரிது.

போத்தில் வருவது பக்கவேர்தான். நெருங்கி நிற்கும் வேலிக்கு அது போதும். வெட்டவெளியில் தனியே நின்று கோடையைத் தாண்ட வேண்டிய வெள்வேலுக்கு ஆணிவேர் வேண்டும். அது விதையில்தான் வரும். விதைத்தோலோ கெட்டி, தண்ணீர் புகாது. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் விதையைப் போட்டு, அப்படியே ஆறவிட்டு, ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவை முளைக்கும். உப்பாதவற்றை மறுபடி ஊறப்போடலாம். பையில் வளர்த்தால் ஆறு மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும். தாமதித்தால் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுபோகும், நட்ட பிறகும் நிமிராது. 15 மீட்டருக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு 18 மரம். இலை பொடிசு என்பதால் நிழலிலும் புல் வளரும்.

மரக்கன்றைச் சாகடிப்பது பெரும்பாலும் வெயில் இல்லை, பக்கத்துப் புல். மேல்மண் ஈரத்தை அதன் வேர் முந்திக் குடித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல் அண்டாமல் கொத்திவிடுங்கள்.

மற்ற இடத்தில் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதை. அறுத்த சூட்டில் விதைத்தால் ஏமாற்றம்தான். உறக்கம் கலைய ஆறேழு மாதம் ஆகும். பஞ்சுபோல் பறக்கும், மணலில் கலந்து ஐப்பசி மழையை ஒட்டித் தூவி, மேலாகக் கீறிவிட்டால் போதும். ஆழப் புதைத்தால் முளை மேலே வராது.

முதல் வருஷம் புல் விதை உதிர்க்கும்வரை எந்தக் கால்நடையும் வேண்டாம். மாட்டை விட்ட பிறகும் ஆட்டை உடனே விடக்கூடாது. அது முன்னங்காலைத் தூக்கி நின்று எட்டும். மரக்கன்றின் கொழுந்து அதற்கும் மேலே போயிருக்க வேண்டும்.