குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் 'தாங்கியைக் கழுவுங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள், விடாதீர்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. தண்ணீர் வெட்டு முடிந்து குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும். நீர் வழங்கல் சபைக் கந்தோருக்குப் போனால் உங்கள் வீட்டுத் தாங்கிதான் அழுக்கு என்பார்கள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போன மனுஷி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பி வருவார்.

சுருக்கமாகச் சொன்னால், அம்பத்தளையிலும் லபுகமவிலும் களட்டுவாவவிலும் சுத்திகரித்து, குளோரின் போட்டுத்தான் தண்ணீரை அனுப்புகிறார்கள். வழியில் உள்ள பழைய இரும்புக் குழாய்களில் துருவும் வண்டலும் படிந்து கிடக்கும், அழுத்தம் திடீரென்று மாறும்போது எல்லாம் கிளம்பி வரும். லைன் முடிகிற முட்டு ஒழுங்கைகளில் தண்ணீர் தேங்கி நிற்பதால் குளோரினும் குறைந்துபோகும். அந்த முனையில் இருக்கிற வால்வைத் திறந்து, தண்ணீரை வேகமாக வெளியே பாயவிட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. அந்தத் தண்ணீர் உங்கள் மீற்றர் வழியாகப் போவதில்லை, ஆகவே அது உங்கள் பில்லிலும் ஏறாது.

சிக்கல் மீற்றரில்தான் தொடங்குகிறது. மீற்றர் வரைக்கும் சபையின் பொறுப்பு, அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு. தாங்கியிலிருந்து வரும் குழாயில் பிடித்த தண்ணீரைக் காட்டினால் உங்கள் முறைப்பாடு அங்கேயே முடிந்துவிடும். அதனால் தாங்கிக்குப் போகாமல் நேரே லைனிலிருந்து வருகிற குழாயில், பெரும்பாலும் முற்றத்துக் குழாயில், தெளிவான போத்தலில் பிடியுங்கள். திகதியும் நேரமும் எழுதி, படமும் எடுங்கள். அப்புறம் பக்கத்து வீடுகளிலும் பாருங்கள். நாலு வீட்டில் ஒரே நேரத்தில் கலங்கலாக வந்தால் தாங்கிக் கதை எடுபடாது, நாலு பேரும் தனித்தனியாகச் சபையின் முறைப்பாட்டு இலக்கமான 1939க்கு அழையுங்கள்.

அழைத்தால் கணக்கு இலக்கம் கேட்பார்கள். வாடகைக்கு இருக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள், பில் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும், குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். முதலிலேயே பழைய பில் ஒன்றைப் படம் எடுத்து வைத்திருங்கள். தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் பொதுக் குழாயை நம்பி இருக்கிறவர்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு இலக்கத்தையும் குழாய் இருக்கிற இடத்தையும் சொல்லலாம். தொடர்மாடி என்றால் நிலத்தடித் தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற வாயிலேயே பிடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகமும் கந்தோரும் உங்களைப் பந்தாடும்.

உங்கள் முறைப்பாட்டுக்கான பதிவு இலக்கம் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். ஆள் வருவதற்குள் தண்ணீர் தெளிந்திருக்கும், 'இப்போது சரிதானே' என்று கையெழுத்துக் கேட்டால் 'வந்த நேரத்தில் தெளிவு, முனை வால்வு திறக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் கொண்டுபோகும் சோடாப் போத்தல் உதவாது. அந்த மாதிரியைக் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும். அதற்கு மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள், தண்ணீரில் மிஞ்சியிருக்கிற குளோரினையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து சேரும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

சபை ஆட்கள் லைனைக் கழுவ வருகிற நாளில் தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் முற்றத்துக் குழாய் ஒன்றை மட்டும் தெளியும்வரை திறந்துவிடுங்கள். இது மீற்றரில் ஓடும், அதனால் வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள். வெள்ளைத் துணியை அன்றைக்குத் தோய்க்காதீர்கள். துரு கொதிக்கவைத்தாலும் போகாது, குழந்தைக்குப் பால் கரைக்க முந்திய நாளே தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள்.

பலமுறை சொல்லியும் யாரும் வராவிட்டால், உங்கள் ஒழுங்கையின் முனை வால்வை கடைசியாக எப்போது திறந்தார்கள், அந்தப் பகுதித் தண்ணீரின் பரிசோதனை முடிவு என்ன என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், சிங்களத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு எடுத்தாக வேண்டும். கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.