மச்சு பிச்சு போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது குஸ்கோவை

"மச்சு பிச்சு போகிறோம் டாக்டர், ஆல்டிட்யூட் சிக்னஸுக்கு (உயரமான இடங்களில் வரும் உபாதை) மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "முதல் இரண்டு ராத்திரி எங்கே தூங்கப் போகிறீர்கள்?" என்பதுதான். அவர்கள் செல்போனில் காட்டும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் பெருவின் தலைநகரான லிமாவிலிருந்து விமானம். குஸ்கோவில் இறங்கி, ஹோட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, மதியமே சாக்சைவாமன் கோட்டை. மறுநாள் விடிவதற்குள் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும்.

மச்சு பிச்சுவின் உயரம் சுமார் 2,430 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, அன்று பெருவை ஆண்ட இன்காக்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மலை நகரம் தொட்டபெட்டா சிகரத்தைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது. சிக்கல், போகிற வழியில் இருக்கும் குஸ்கோவில். அது சுமார் 3,400 மீட்டர். கடலோர ஊரான லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய் இறங்கிவிடுகிறோம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று நாட்களாவது வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் ஏறி உருபம்பாவுக்கோ ஒல்லாந்தாய்தம்போவுக்கோ போய்விடுங்கள். இரண்டும் 2,800 மீட்டரை ஒட்டிய ஊர்கள். அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். மச்சு பிச்சு ரயில் ஒல்லாந்தாய்தம்போவிலிருந்தே புறப்படுகிறது. அதைப் பார்த்து முடித்து, குஸ்கோவைக் கடைசியில் நிதானமாகப் பார்க்கலாம். ஊர்களின் வரிசையை மாற்றுவதுதான் வேலை. மாத்திரையைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

"தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் உண்டு. நடைப்பயிற்சி மலைப்படிகளில் நிச்சயம் உதவும். உயரத்தால் வரும் உபாதையை அது தடுக்காது. உடற்கட்டு உள்ள இளைஞர்களுக்கும் வரும். இறங்கிய முதல் நாளே வேகமாகச் சுற்றுவதால் சில சமயம் அவர்களுக்குத்தான் அதிகமாக வரும்.

போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல். இத்துடன் நின்றால், அதற்கு மேலே ஏறாமல், ஓய்வெடுத்து, பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு ஆழமாக இழுத்து விடுவதும் உண்டு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துவிடுவார். அந்த உயரத்தில் அது சாதாரணம். ஆனால் தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை இன்னும் மந்தமாக்கும், முதல் சில ராத்திரிகளுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைப் பலர் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்பது மனதில் பதிந்துபோயிருக்கிறது. குஸ்கோவில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே 90-ஐ ஒட்டி, சில சமயம் அதற்குக் கீழேயும் காட்டும். எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ஆளைப் பாருங்கள். ஒரு கால் குதிகாலை இன்னொரு கால் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் இருந்தால், நுரையீரலில் நீர் சேர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. ஹோட்டலில் ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுங்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆனால் முக்கிய வைத்தியம் கீழே இறங்குவது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ராத்திரியைக் கடத்தாதீர்கள்.

சரி, மாத்திரை. திட்டத்தை மாற்ற முடியாமல் நேராகக் குஸ்கோவில் தங்குபவர்களுக்கும், முன்பு இந்த உபாதை வந்தவர்களுக்கும் அசிட்டசோலமைட் தருகிறோம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை, மாலை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போவது போல் இருக்கும், சோடா சப்பென்று இருக்கும், இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. இந்த மாத்திரையால் சிறுநீர் அடிக்கடி வரும். மச்சு பிச்சு இடிபாடுகளுக்குள் கழிப்பறை கிடையாது, நுழைவாயிலுக்கு வெளியில்தான். உள்ளே ஒருவழிப் பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதய நோய், நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே வாருங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், உறைந்துபோனால் பயன்படாது. மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் நான்கு நாள் இன்கா பாதையில் செல்லப் போகிறவர்கள் 4,215 மீட்டர் கணவாயைத் தாண்ட வேண்டும் என்பதால் மேலே சொன்ன அத்தனையும் அவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அங்கே எல்லா ஹோட்டலிலும் கோகா இலைத் தேநீர் தருவார்கள். மரியாதைக்கு ஒரு கோப்பை குடிக்கலாம், ஆனால் அதை மருந்தாக நம்ப வேண்டாம். வேலையிடத்தில் போதைமருந்துப் பரிசோதனை உள்ளவர்கள் அதைத் தொடாதீர்கள், முடிவு பாசிட்டிவ் என்று வரும். அந்தத் தேநீர்ப் பையை நினைவுப் பொருளாக இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

அப்புறம், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் போகிறவருக்கு நோய் தொற்றும் ஆபத்து இல்லாததால் அது தேவையில்லை என்று இணையத்தில் படித்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரு, இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்து இறங்கினால் தனிமைப்படுத்த வாய்ப்பு உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன் தங்கள் மருத்துவரைப் பார்த்து ஊசி போடலாமா, விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே வந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.