நற்சான்றோடு கப்பலேறும் தொற்று

கடந்த வாரம் ஓர் அம்மாவை டயாலிசிஸ் பிரிவிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். வயது 68. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். வியாழக்கிழமை வரை அவருடைய பக்கத்து இருக்கையில் இருந்து வேலை பார்த்தவருக்குக் கொரோனா என்று தெரியவந்திருக்கிறது. இவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே பரிசோதனை செய்துகொண்டார். நெகட்டிவ். அன்றிரவே அம்மாவைப் பார்க்க பஸ் ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தொண்டை வலி, புதன்கிழமை அம்மாவுக்கு மூச்சுத் திணறல்.

"நெகட்டிவ் என்று பார்த்த பிறகுதானே டாக்டர் வந்தேன்" என்று கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பில்லாத மனிதராக இருந்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். இவர் சொந்தக் காசில் பரிசோதனை செய்து, அறிக்கைக்காகக் காத்திருந்து, அதை நம்பி வந்தவர். இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் நான்காவது குடும்பம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

'நெகட்டிவ் என்று பார்த்த பிறகுதானே' என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லட்சத்தீவு நினைவுக்கு வருகிறது.

அரபிக்கடலில் 36 தீவுகள். மக்கள் வாழ்பவை பத்து. எல்லாம் சேர்த்தே 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. கொச்சியிலிருந்து கப்பலில் போனால் ஓர் இரவு கடலில்தான் கழியும். 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்தக் கேரளத்தை நம்பித்தான் தீவு மக்களின் அரிசி, படிப்பு, பெரிய மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஆண்டு முழுவதும் லட்சத்தீவில் ஒருவருக்குக்கூடத் தொற்று பதிவாகவில்லை. மற்ற இடங்களில் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே செப்டம்பரிலேயே பள்ளி மணி அடித்தது. கல்யாணங்கள் முகக்கவசம் இல்லாமல் நடந்தன.

கடல் காப்பாற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். கடலில் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காப்பாற்றியது காத்திருப்பு. தீவுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கொச்சியில் நிர்வாகம் நடத்திய விடுதியில் ஏழு நாள் தங்க வேண்டும். பிறகு பரிசோதனை. நெகட்டிவ் என்றால்தான் கப்பல். கரை இறங்கிய பிறகும் வீட்டில் 14 நாள் தனிமை. பரிசோதனை எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஏழு நாள் கழித்து, அதற்குப் பின்னும் 14 நாள் காவலோடு. மக்கள் இதைச் சலிப்போடு செய்திருக்கலாம், ஆனால் செய்தார்கள்.

2020 டிசம்பர் இறுதியில் விதி மாறியது. கொச்சித் தனிமை நீக்கப்பட்டது. பயணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் (ஆய்வகத்தில் மூக்கு மாதிரியில் கிருமியைத் தேடும் பரிசோதனை) நெகட்டிவ் சான்று இருந்தால் போதும் என்றானது. தீவில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று உறுதியானது. ஜனவரி தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கப்பலில் தீவுகளின் தலைநகரான கவரத்திக்கு வந்த ஒருவருக்கு. அந்தத் தனி மனிதர் மேல் பழி போடுவது அநியாயம். அவர் இல்லையென்றால் அடுத்த கப்பலில் இன்னொருவர் வந்திருப்பார். நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது ஜனவரி 16. இரண்டு நாள் இடைவெளி. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதும்போது இன்றும் எனக்கு வயிறு பிசைகிறது.

அந்த மே இறுதிக்குள் நோயாளிகளின் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டிவிட்டது. மூன்றே மருத்துவமனைகள் இருந்த இடம் அது. நிலைமை மோசமானவர்களை ஹெலிகாப்டரில் கொச்சிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கடைசிக் கணக்கில் 11,400-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, 52 இறப்பு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வந்துவிட்டது. வேகமாகப் பரவும் புதிய வகைக் கிருமி, நோன்புக் கால ஒன்றுகூடல்கள், மீண்டும் தொடங்கிய போக்குவரத்து ஆகியவற்றை நிர்வாகம் காரணமாகச் சொன்னது. அவற்றையும் மறுக்க மாட்டேன். கதவை என்றென்றைக்கும் சாத்தி வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என் ஆதங்கம் ஒன்றே ஒன்றுதான்: 21 நாள் காத்திருப்பு செய்த வேலையை 48 மணி நேரத்துத் தாள் செய்துவிடும் என்று எப்படி நம்பினோம்?

இனி அந்தத் தாளைப் பற்றி. பொறுமையாகப் படியுங்கள், இதை நான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறேன்.

இரவில் பாலுக்கு உறை ஊற்றுகிறீர்கள். அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? பால்தான். ருசி பார்த்தாலும் பால்தான். அதற்காக உறையே ஊற்றவில்லை என்று யாராவது சொல்வீர்களா? காலையில் அது தயிராகத்தான் இருக்கும். தொற்றும் அப்படித்தான். கிருமி உடலுக்குள் போன மறுநாள் மூக்கில் குச்சி விட்டு எடுத்தால் கண்டுபிடிக்கும் அளவுக்கு அது பெருகியிருக்காது. அறிக்கை நெகட்டிவ் என்றுதான் வரும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை, கருவியும் பழுதில்லை. 'இந்தக் குச்சியில், இந்த நேரத்தில் எனக்குக் கிருமி தெரியவில்லை' என்று மட்டுமே அந்தத் தாள் சொல்கிறது. 'இவருக்குத் தொற்று இல்லை' என்றோ, 'நாளையும் வராது' என்றோ அதில் எங்கும் எழுதியிருக்காது. அதை எழுதிச் சேர்ப்பது நாம்தான்.

எண் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக: 2020-ல் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்றிய முதல் நாளில் ஆர்டி-பிசிஆர் ஏறக்குறைய எல்லோரையும் தவறவிட்டது. அறிகுறி தொடங்கும் நாளில்கூட நூற்றுக்கு 38 பேரைத் தவறவிட்டது. அறிகுறி தொடங்கி மூன்று நாள் ஆன பிறகுதான் அது 20 ஆகக் குறைந்தது. இது ஆய்வுகளில் கிடைத்த கணக்கு. மூக்கின் நுனியைத் தடவிவிட்டு அனுப்பும் அவசர மாதிரிகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். யாராவது அறிக்கையை நீட்டினால் நான் முடிவைப் படிப்பதற்கு முன் மாதிரி எடுத்த தேதியைத்தான் பார்க்கிறேன். எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

தாளை நம்பி ஏமாந்தது இந்தத் தலைமுறை மட்டும் இல்லை. 1918 அக்டோபர் 30 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து டலூன் என்ற கப்பல் நோயற்ற கப்பல் என்ற சான்றோடு புறப்பட்டது. அப்போது அந்த நகரத்தில் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய். வழியில் ஃபிஜியில் கப்பலைத் தனிமைப்படுத்தினார்கள். நவம்பர் 7 அன்று பசிபிக் தீவு நாடான மேற்கு சமோவாவின் ஆபியா துறைமுகத்தில், நோயாளிகள் கப்பலில் இருக்கும்போதே பயணிகளை இறங்கவிட்டார்கள். இரண்டு மாதங்களில் அந்தத் தீவுகளில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். உள்ளூர் மக்களே கரையில் காவல் இருந்தார்கள். அங்கே அந்த நோய்க்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. மேற்கு சமோவாவை ஆண்ட நியூசிலாந்து 2002-ல் மன்னிப்புக் கேட்டது.

நேரம் பார்த்துக் கதவைத் திறந்தவர்களும் உண்டு. தெற்கு அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா என்ற தீவு. நாலாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலோருக்குத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகும் பொறுத்திருந்து, 2022 ஆகஸ்டில்தான் தனிமை விதியை எடுத்தார்கள். தொற்று வந்தது. 2,000-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. இறப்பு ஒன்றும் பதிவாகவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சின்னத் தீவு இருக்கிறது: டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளும் மாமா, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் தங்கை, பிறந்து ஒரு மாதமான குழந்தை. அவர்களுக்குக் கரையில் காவல் இருக்க வேண்டியது நீங்கள்தான்.

நோயாளியோடு பழகிவிட்டீர்களா? பழகிய கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள். பரிசோதனை செய்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். மறுநாளே ஓடிப்போய்ப் பரிசோதனை செய்துகொள்வதால் காசுதான் போகும். ஐந்து நாள் கழித்துச் செய்யுங்கள். வீட்டுப் பரிசோதனைக் கருவி என்றால் ஒரு முறை நெகட்டிவ் போதவே போதாது. 48 மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். பத்து நாள் ஆகும்வரை பலவீனமானவர்கள் பக்கம் போகாதீர்கள். தொண்டை வலியோ காய்ச்சலோ இருந்தால் தாள் என்ன சொன்னாலும் நீங்கள் நோயாளிதான். 'பஸ் பயணத்தில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை' என்ற விளக்கத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். நூறு முறை கேட்டுவிட்டேன்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தனியாகச் சாப்பிடுங்கள், வேறு அறையில் படுங்கள். டயாலிசிஸ் மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு வந்தால் பக்கத்துப் படுக்கைக்காரரும் மாட்டிக்கொள்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால், அது கொரோனாவோ இன்ஃபுளுவென்சாவோ, அவர்களுடைய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மா போனில் "எப்போதடா வருவாய்" என்று கேட்டால் மறுப்பது கடினம் என்று எனக்கும் தெரியும். "பத்து நாள் கழித்து வருகிறேன் அம்மா" என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது அந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் தேவை சற்றுக் குறைந்திருக்கிறது. நாளை அவருக்கு டயாலிசிஸ் நாள். மகன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இன்று காலை மறுபடி பரிசோதனை எடுத்தோம். பாசிட்டிவ்.