கதவு ஓட்டையும் கேமராக் கண்ணும்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டு முன்னறைக் கதவில், பழைய பூட்டைக் கழற்றிய இடத்தில் சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டை உண்டு. சித்திரை வெயிலுக்குப் பயந்து ஆச்சி ஜன்னல்களைச் சாத்திவிட்டால், எதிர்ச் சுவரில் தெரு வந்துவிடும். அதுவும் தலைகீழாக. பதநீர்க்காரர் சைக்கிள் விட்டத்தை ஒட்டி உருண்டு போகும். ஒளி நேர்கோட்டில்தான் போகும். மேலேயிருந்து வருவது ஓட்டைக்குள் நுழைந்து கீழே விழும், கீழேயிருந்து வருவது மேலே ஏறும். அவ்வளவுதான். அந்த ஓட்டையில் ஒரு லென்ஸை வைத்தால் கேமரா.

சுவர்ப்படம் அலுத்துப் போனால் ஓட்டையிலேயே கண்ணை வைத்துவிடுவேன். “ஏல, அங்க என்னத்தப் பாக்க?” என்று ஆச்சி அதட்டுவாள். தெருவில் என்ன, ரெண்டு ஆடும் ஒரு நாயும். திண்ணையில் உட்கார்ந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் மட்டும் நகர மனசு வராது.

இந்தக் கள்ளப் பார்வையை வைத்து 1960இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, இன்னொன்று மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’. இரண்டும் பயமுறுத்துகிற விதத்தில் கொஞ்சம் கண் அறிவியல் இருக்கிறது.

இருட்டில் இருப்பவனுக்கு வெளிச்சத்தில் நிற்பவன் தெரிவான். வெளிச்சத்தில் நிற்பவனுக்கு இருட்டு வெறும் கறுப்பு. இருட்டில் கண்பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 7, 8 வரை விரியும். விழித்திரை முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். சினிமா தியேட்டர் அப்படியொரு அறைதான். டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் ஓட்டையின் இருட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்தது பார்வையைத் தொடர்வது. மனிதக் கண்ணில் வெள்ளை விழி பளிச்சென்று தெரிவதால், அடுத்தவர் எங்கே பார்க்கிறார் என்று சட்டென்று பிடித்துவிடுவோம். நம் கண்ணும் தானாக அங்கே போகும். சினிமாக்காரர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் ஒரு முகம், அப்புறம் அவர் பார்க்கும் பொருள், மறுபடி முகம். ருஷ்ய இயக்குநர் குலேஷோவ் சலனமில்லாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். முகம் சும்மாதான் இருந்தது, உணர்ச்சி நம்முடையது.

‘சைக்கோ’வில் விடுதி நடத்தும் நார்மன், சுவரில் மாட்டிய படத்தை எடுத்துவிட்டு ஓட்டையில் கண் வைக்கிறான். பக்கவாட்டில் அவன் கண் மிக நெருக்கத்தில் வருகிறது, ஓட்டையின் வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. அடுத்து அவன் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். குளியலறைக் கொலையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு வருவதுதான் பயங்கரம். பிணம் இருக்கும் காரைச் சகதியில் தள்ளுகிறான். பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. அந்த ஒரு நொடி, ‘ஐயோ, முழுசா மூழ்கிடணுமே’ என்று நமக்கே படபடக்கிறது. கண்ணைக் கடன் கொடுத்தவன் பக்கம் மனசும் போய்விட்டது.

சரி, பார்த்தது போதும் என்று ஏன் விட முடிவதில்லை? தாமிரபரணிக் கரையில் தூண்டில் போடுகிறவரைப் பாருங்கள். போட்டதும் மீன் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவார். எப்போதாவது விழுந்தால்தான் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருப்பார். எதிர்பாராத பரிசுக்குத்தான் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புகள் அதிகம் துடிக்கும் என்று குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. ஒளிந்து பார்ப்பவனுக்கும் முக்கால்வாசி நேரம் ஒன்றும் கிடைக்காது.

‘பீப்பிங் டாம்’ நாயகன் கொலை செய்துகொண்டே படம் எடுக்கிறான். கேமராவில் கண்ணாடி வைத்து, சாகிறவளுக்கு அவள் பயத்தையே காட்டுகிறான். அவனைச் சிறுவயதில் பயமுறுத்திப் படமெடுத்த தகப்பனாகப் பவலே நடித்தார், சிறுவனாக அவர் மகன். பிரிட்டனில் விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். ஓட்டை திருப்பிப் பார்த்துவிட்டதே, அந்தக் கோபமாகத்தான் இருக்கவேண்டும்.

எனக்கும் அது நடந்தது. ஒரு மத்தியானம் கண்ணை வைத்தால் ஓட்டை கறுப்பாக இருந்தது. யாரோ விரலால் அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கறுப்பு இமைத்தது. வீல் என்று கத்தினேன். வெளியே நின்ற பக்கத்து வளவுப் பையனுக்கு உள்ளே ஒன்றுமே தெரிந்திருக்காது. சத்தம் கேட்டு அவனும் கத்தினான்.