ஃபிரிட்ஜ் திறந்தால் ஓடும் ஜிம்மி

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர்கள் வீட்டு நாட்டு நாய் ஜிம்மிக்கு எட்டு வயது, சர்க்கரை நோய். காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இன்சுலின் போட வேண்டும். "முதல் வாரம் சும்மா நின்றான். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். கோழித்துண்டைக் காட்டிக் கூப்பிட்டுப் பிடித்தோம். இப்போது கோழியைக் கண்டாலும் ஓடுகிறான். என்ன செய்வது?"

அந்தக் கோழி விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜிம்மி திண்ணையில் படுத்திருந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டை 'பக்' என்று விட்டது. உடனே காதுகள் பின்னால் மடங்கின. இரண்டு முறை உதட்டை நக்கிக்கொண்டது, ஒரு கொட்டாவி விட்டது. தூக்கத்தில் வந்த கொட்டாவி இல்லை அது, நாய் பதற்றத்தில் விடுவது. மருந்துக் குப்பி வெளியே வருவதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மகன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க, அம்மா தலையில் துண்டைச் சுற்ற, அப்பா ஊசியைப் போட்டார். ஊசி போட ஒரு நொடி. பிடித்து அமுக்க ஐந்து நிமிடம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய்களின் சர்க்கரை நோயில் பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் ஊசியை விட்டால் வழியில்லை. பாகற்காய்ச் சாறு கொடுத்தால் போதும், தாயத்துக் கட்டினால் சரியாகும் என்று சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்தப் பேச்சை நம்பி ஊசியை நிறுத்தினால் நாய் செத்துப்போகும். 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பேண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலினைச் சோதித்துப் பார்த்ததே நாய்களிடம்தான்.

ஊசி சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோல் தளர்வாக இருக்கும். அதைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்துக் குத்தினால் பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியானால் ஜிம்மி எதற்குப் பயப்படுகிறது?

அடுத்து என்ன வரப்போகிறது என்பதற்குத்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1990-களில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு சொட்டினால் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. பிறகு, ஒரு அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாறு கொடுத்துப் பழக்கினார்கள். பழகியதும் துடிப்பு அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது, சாறு வரும்போது செல்கள் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் அடையாளத்தை மட்டும் காட்டிச் சாற்றை நிறுத்தினால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு தணிந்தது. அந்தக் கணத்தை மூளை எண்ணிக்கொண்டு காத்திருந்திருக்கிறது! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

பயத்துக்கு அமிக்டலா என்ற வேறு பகுதி முக்கியம். ஆனால் அங்கும் முன்னால் வருவது பின்னால் வருவதற்கு அடையாளமாகிவிடும். ஃபிரிட்ஜ் சத்தம், பிறகு இழுபறி. கோழித்துண்டு, பிறகு இழுபறி. கோழி லஞ்சம் என்று வீட்டார் நினைத்தார்கள். ஜிம்மிக்கோ அது எச்சரிக்கை மணி. வரிசையைத் திருப்ப வேண்டும்: முதலில் ஊசி, அது முடிந்த மறுநொடி கோழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அதனால் முதலில் சாப்பாடு, பிறகு ஊசி என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். அதை மாற்றக் கூடாது. சாப்பாட்டை வழக்கமான இடத்தில் நிம்மதியாக முடிக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து, வேறு இடத்தில் ஒரு பாய் விரித்து, அங்கே ஊசி. அதன்பின் உப்பும் மசாலாவும் இல்லாத வேகவைத்த கோழி, விரல்நுனி அளவு. ஊசிக்கும் அதன் ஒத்திகைக்கும் தவிர வேறு எப்போதும் அந்தக் கோழி கிடையாது. சாப்பிட மறுத்தால் ஊசிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒத்திகை. பகலில் சும்மா ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு துண்டு. அதற்குப் பழகியபின் சிரிஞ்சைக் காட்டி ஒரு துண்டு. பிறகு தோலைத் தூக்கி ஒரு துண்டு. ஜிம்மி உதட்டை நக்கினால் அவசரப்பட்டோம் என்று பொருள், ஒரு படி பின்னால் போக வேண்டும். நிஜ ஊசியை நிறுத்த முடியாது என்பதால், மருந்தை முன்கூட்டியே அடுத்த அறையில் சிரிஞ்சில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். அப்போது ஃபிரிட்ஜ் சத்தத்தோடு இழுபறி ஒட்டாது. துண்டைச் சுற்றுவதையும் விடச் சொன்னேன்.

கிளம்பும்முன் சிரிஞ்சைப் பார்த்தேன். சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பிக்கு உரியது, சரிதான். மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் மருந்தின் அளவு இரண்டரை மடங்கு தவறிவிடும்.

சேலம் மாவட்டத்துத் தலைவாசல் ஊரில் இவ்வளவு பெரிய கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. நாட்டு நாய்களின் பயத்தை ஆராயவும் அங்கே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. பயந்த நாய்க்கு எழுதிக் கொடுத்த மருந்து பாதி நாள் குப்பியிலேயே கிடக்கும்.

மூன்று வாரம் கழித்து வாசகர் பேசினார். ஜிம்மி தானே பாய்க்கு வந்து உட்காருகிறதாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் கூட்டி வந்தபோது மறுபடி நடுங்கியிருக்கிறது. பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டியிருக்கும், புது இடத்தில் பழையது தலைதூக்கும். அடுத்த முறை அதே பாயையும் கோழித்துண்டையும் எடுத்து வாருங்கள், ஆஸ்பத்திரி வாசலில் பாயை விரித்து முதலிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.